வைப்பாறு கடல் சேருமிடம்: கரிசல் நாடும் மன்னார் வளைகுடாக் கடலாமைகளும்

கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் என விரியும் கரிசல் நிலத்தைக் கடலோடு சேர்த்து எண்ணும் வழக்கம் குறைவு. பருத்தியும் கம்பும் மிளகாயும் விளையும் மானாவாரிக் காடு, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண், தீப்பெட்டி ஆலைகள் என்றே அந்நிலம் அறியப்பட்டிருக்கிறது. ஆயினும் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் மன்னார் வளைகுடா தொடங்கிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து சாத்தூரையும் விளாத்திகுளத்தையும் கடந்து வரும் வைப்பாறு அங்கேதான் கடலில் கலக்கிறது. அவ்வாற்றின் கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் அண்மை ஆண்டுகளில் நடந்த அகழாய்வுகளில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்திருப்பது, கடல்படு பொருளைப் பெற்று அறுத்து அணியாக்கிய கைகள் பழங்காலத்திலேயே உள்நாட்டில் இருந்ததைக் காட்டுகிறது. அக்கொடுக்கல் வாங்கல் இன்றும் நின்றுவிடவில்லை. கடலிலிருந்து மீனும் உப்பும் உள்நாட்டுக்கு வருகின்றன. உள்நாட்டிலிருந்து கழிவும் களிமண்ணும் கடலுக்குப் போகின்றன. ஆறு கொண்டுசேர்க்க வேண்டிய மணலோ வழியிலேயே நின்றுவிடுகிறது. மன்னார் வளைகுடாவின் கடலாமைகளுக்கு நேர்ந்துள்ள நெருக்கடியைக் கடற்கரை ஊர்களின் விவகாரமாக மட்டும் பார்த்தால் அதன் பாதி விளங்காமலே போகும்.

உலகக் கடல்களில் வாழும் 7 ஆமை இனங்களுள் 5 இந்தியக் கடல்களில் காணப்படுகின்றன. அவ்வைந்தும் மன்னார் வளைகுடாவில் பதிவாகியுள்ளன. கடற்புல் மேயும் பேராமை, பவளப்பாறைகளின் இடுக்குகளில் கடற்பஞ்சுகளைத் தின்று வாழும் அழுங்காமை, பெருந்தலை ஆமை, முதுகில் நீளவாக்கில் வரம்புகள் ஓடும் ஏழுவரி ஆமை, உருவில் சிறியதான பங்குனி ஆமை என மீனவர்கள் இவற்றைப் பிரித்தறிகிறார்கள். இவற்றுள் தமிழகக் கரையில் ஆண்டுதோறும் தவறாமல் ஏறி முட்டையிடுவது பங்குனி ஆமை மட்டுமே. பேராமைக்கு இவ்வளைகுடா மேய்ச்சல் நிலம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகளைச் சுற்றிப் படர்ந்த கடற்புல் வெளிகளே அதனை இங்கு இழுத்து வருகின்றன. அழுங்காமை உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அதன் ஓட்டிலிருந்து சீப்பும் பேழையும் செய்த பழைய வணிகமே அதனை அந்நிலைக்குத் தள்ளிய முதற்காரணம்.

பங்குனி ஆமையின் பருவம் மார்கழியில் தொடங்கிப் பங்குனி வரை நீள்கிறது. பெண் ஆமை இரவில் கரையேறி, அலை எட்டாத மணலில் பின்கால்களால் குழி தோண்டி, ஒரு தடவைக்கு நூறு, நூற்றிருபது முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. அதன்பின் அக்குழியை அது திரும்பிப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் பொரிந்து மணலைப் பிளந்து வெளிவந்து, இரவில் கடற்பரப்பின் மேல் தெரியும் மங்கிய வெளிச்சத்தை நோக்கி ஓடுகின்றன. அகநானூற்றின் 160ஆம் பாடல், அடும்பு படர்ந்த மணலில் ஆமை முட்டையைப் புதைத்து மறைப்பதையும், குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை அதனைக் காத்து நிற்பதையும் சொல்கிறது. புதைத்து மறைக்கும் செய்தி துல்லியமானது. அடும்பங்கொடி படர்ந்த மணல்மேடே இன்றும் ஆமை தேடும் இடம். காவல் நிற்கும் ஆண் மட்டும் கவிஞரின் அன்பில் பிறந்தது, ஏனெனில் இவ்வினத்தின் ஆண், குஞ்சாகக் கடலில் இறங்கியபின் கரைக்கு வருவதே இல்லை. எனினும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நெய்தல் நிலத்தின் ஓர் அன்றாடக் காட்சியாக இது அறியப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் வெப்பமாகும். ஏறத்தாழ 29 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் இருபாலும் கலந்து பொரிகின்றன. அதற்கு மேல் போகப்போகப் பெண் குஞ்சுகள் மிகுகின்றன. இன்னும் கூடினால் கருவே வெந்துபோகிறது. பொரித்த குஞ்சுகளுள் ஆயிரத்தில் ஒன்று வளர்ந்த ஆமையாவதே அரிது என்பது பொதுவான மதிப்பீடு. பங்குனி ஆமை இனப்பெருக்கத்துக்குத் தகுதி பெறப் பத்துப் பதினைந்து ஆண்டுகளும், பேராமைக்கு அதைப்போல் இரண்டு மடங்கும் ஆகின்றன. கரையேறும் ஒவ்வொரு பெண் ஆமையும் இத்தனை ஆண்டுகளின் இத்தனை இடர்களைத் தாண்டிய ஒன்று என்பதை மனத்தில் கொண்டால்தான், அவற்றுள் ஒன்று வலையில் சாவதன் இழப்பு எவ்வளவு என்பது புலப்படும்.

மன்னார் வளைகுடாவில் ஆமை நெடுங்காலம் வெளிப்படையான வணிகப் பொருளாக இருந்தது. பாம்பன், இராமேசுவரம் பகுதிகளில் பிடிபட்ட பேராமைகளைக் கடலோரப் பட்டிகளில் உயிரோடு அடைத்துவைத்து, தேவைக்கேற்பத் தூத்துக்குடிச் சந்தைக்கும், முற்காலத்தில் இலங்கைக்கும் அனுப்பினார்கள். இறைச்சி உணவாயிற்று, கொழுப்பிலிருந்து எண்ணெய் எடுக்கப்பட்டது, வெட்டிய உடனே பிடித்த குருதி சோகைக்கும் மூலத்துக்கும் மருந்தென்று நம்பிக் குடிக்கப்பட்டது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். ஜோன்ஸும் ஏ. பாஸ்டியன் பெர்னாண்டோவும் 1968இல் இவ்வணிகத்தைப் பற்றி அளித்த ஆய்வறிக்கை, மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ஆண்டுதோறும் சில ஆயிரம் ஆமைகள் பிடிபட்டதையும் அவற்றுள் பெரும்பகுதி பேராமை என்பதையும் பதிவு செய்திருக்கிறது. திருக்கை மீனுக்கென அடிக்கடலில் பரப்பும் அகன்ற கண்ணியுள்ள திருக்கை வலையிலேயே இவை பெரும்பாலும் சிக்கின.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1977இல் கடலாமைகள் அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதும் இவ்வணிகத்தின் முதுகெலும்பை முறித்தன. இன்று ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1986இல் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. மறைவாக வெட்டுவது முற்றாக ஒழிந்துவிட்டதாகச் சொல்ல இயலாதெனினும், சந்தையில் பகலில் நடந்த விற்பனை மறைந்துபோனது சட்டத்தின் உண்மையான வெற்றி. உலக அளவிலும் இத்தகைய தடைகள் பலன் தந்திருக்கின்றன: 2025 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பேராமையை அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கி, குறைந்த கவலைக்குரிய நிலைக்கு மாற்றியது. அம்முடிவு உலகத் தொகையைக் கருதியதே அன்றி ஒவ்வொரு கடலின் நிலையையும் கருதியதன்று என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆனால் சட்டம் தடுத்தது கொல்ல எண்ணிக் கொல்வதை. எண்ணாமல் கொல்வதை அது இன்னும் தடுக்கவில்லை. இன்றைய ஆமைச் சாவுகளில் பெரும்பகுதி இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இவ்வகையில் முதலிடம் இழுவை மடிக்கு உரியது. விசைப்படகு கடலடியைத் துழாவி இறாலையும் மீனையும் வாரும் இவ்வலை, ஒரு தடவை இறக்கினால் இரண்டு மூன்று மணி நேரம் இழுபட்டே வருகிறது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். அமைதியாகக் கிடக்கையில் நெடுநேரம் நீருக்குள் இருக்க அதனால் முடியுமெனினும், வலைக்குள் சிக்கித் திமிறும்போது உடலின் உயிர்வளி விரைவில் தீர்ந்து, ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே மூழ்கிச் சாகிறது. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கெடுத்ததும் தமிழகம் முழுவதும் பேசப்பட்டன. கரை ஒதுங்கும் உடல்கள் கடலில் செத்தவற்றின் ஒரு பகுதியே என்பது பலர் கருதாத செய்தி. காற்றும் நீரோட்டமும் கரை நோக்கி இல்லாத நாள்களில் இறந்தவை கணக்குக்கே வருவதில்லை.

தமிழகத்தில் விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாதென்பது விதி. முட்டையிட வரும் ஆமைகள் பெரும்பாலும் திரிவது இந்நீர்ப்பரப்பிலேயே என்பதால், இவ்விதி ஒன்று முழுமையாக நிறைவேறினாலே சாவு பெருமளவு குறையும். அடுத்ததாக, கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. மீன்களின் இனப்பெருக்கத்தை எண்ணி வகுத்த காலம் அது. ஆமைகள் கரைக்கு வரும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்கள் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. ஆகவே தடைக்காலத்தின் பயன் ஆமைக்குக் கிட்டுவது மிகச் சொற்பம். ஒடிசாவின் ருஷிகுல்யாவிலும் ககிர்மாதாவிலும் இலட்சக்கணக்கான ஆமைகள் ஒரே நேரத்தில் கரையேறுவதால், அங்கே பருவகாலத்துக்கென்றே தனித் தடையும் கடலோரக் காவல்படையின் ரோந்தும் வகுக்க முடிந்தது. தமிழகக் கரையில் அவை ஒன்றிரண்டாகச் சிதறி ஏறுவதால் காவலும் சிதறிப்போகிறது.

தமிழகத்தில் ஆமைப் பாதுகாப்பு என்றதும் நினைவுக்கு வருவது பொரிப்பகம். நாய், நரி, மனிதர் கைகளுக்குத் தப்பவைக்க முட்டைகளை எடுத்து வேலியிட்ட மணலில் புதைத்துப் பொரிக்கவைக்கும் இம்முறை, சென்னையில் 1970களில் இயற்கை ஆர்வலர்கள் இரவு நடைகளாகத் தொடங்கியது; 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு உருவாகி அதனை இன்றுவரை நடத்திவருகிறது; வனத்துறையின் பொரிப்பகங்களும் சேர்ந்து மாநிலத்தில் ஒரு பருவத்தில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலில் விடப்பட்ட ஆண்டு உண்டு. இப்பணி மதிக்கத்தக்கது. எனினும் 1987இல் அமெரிக்க ஆய்வாளர்களான டெபோரா குரோஸ், லாரி கிரவுடர், ஹால் காஸ்வெல் ஆகியோர் பெருந்தலை ஆமைகளின் வாழ்நாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிட்டுக் கண்ட முடிவு இங்கே முக்கியமானது: முட்டைகளையெல்லாம் காப்பாற்றினாலும், வளர்ந்துவரும் பெரிய ஆமைகள் கடலில் சாவதைக் குறைக்காவிட்டால் இனம் மீளாது. பொரிப்பகத்தில் குஞ்சு விடும் விழாவுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு வலையின் மீது விழுந்திருந்தால் தமிழகக் கடலின் நிலை வேறாக இருந்திருக்கும்.

வலையைத் திருத்தும் கருவியும் புதியதன்று. மடியின் குறுகும் பகுதியில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தினால், சிறிய இறால் கம்பிகளுக்கிடையில் புகுந்து பின்னே செல்லும். பெரிய ஆமை சட்டத்தில் முட்டி, மேலோ கீழோ உள்ள திறப்பின் வழியே வெளியேறிவிடும். இதனை முதலில் உருவாக்கியவர் சிங்கி பூன் என்னும் அமெரிக்க இறால் மீனவர். வலையை நிறைத்துக் கிழிக்கும் சொறிமீன்களைத் தள்ளிவிடுவதற்காக அவர் 1960களில் செய்த கம்பிச் சட்டம், பின்னாளில் ஆமை காக்கும் கருவியாயிற்று. மீனவனின் தேவையில் பிறந்த பொருள் என்பதால், அதனை மீனவருக்கு எதிரானதாகக் காட்டுவது சரியன்று. ஆனால் இந்தியாவுக்குள் அது வந்த வழி வேறு. இக்கருவி இல்லாமல் பிடித்த இறாலை வாங்குவதில்லை என்று அமெரிக்கா 1989இல் சட்டம் செய்ய, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வணிக அமைப்பில் வழக்காடின. 1998இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு அச்சட்டம் நடைமுறைப்படுத்தப்பட்ட விதத்தைக் குறைகண்டதேயன்றி, ஆமை காக்கும் நோக்கத்தை ஏற்றுக்கொண்டது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இந்தியப் படகுகளுக்கேற்பக் கருவியை வடிவமைத்துத் தந்த பிறகும் படகுகளில் அது பரவவில்லை. கடலில் பிடித்த இந்திய இறாலுக்கு அமெரிக்கச் சந்தை சில ஆண்டுகளாக அடைபட்டிருப்பதற்கு இதுவே காரணம். திறப்பின் வழியே மீனும் இறாலும் கொஞ்சம் நழுவும் என்ற மீனவரின் அச்சத்தில் உண்மை இருக்கிறது. டீசல் விலை ஏறிய காலத்தில் ஒவ்வொரு கூடைக்கும் கணக்குப் பார்க்கும் தொழிலில், அந்த நட்டத்தை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் கருவியை மட்டும் கையில் கொடுத்தது கொள்கையின் குறையே.

கரையில் நடப்பது மெதுவான அழிவு. ஆமை முட்டையிட மணல் வேண்டும்; அம்மணலைக் கொண்டுவரும் வேலை ஆறுகளுடையது. வைப்பாறு ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடந்து வடகிழக்குப் பருவமழையில் மட்டும் பெருகும் ஆறு. அதன் தொகுதியில் வெம்பக்கோட்டையிலும் இருக்கன்குடியிலும் அணைகள் எழுந்தன. எஞ்சிய ஆற்றுப்படுகையிலோ கட்டுமானத்துக்காக மணல் அள்ளப்பட்டது. அணை, பரும்படியான மணலைத் தேக்கிக்கொண்டு நுண்ணிய களிமண்ணை நீரோடு விடும் இயல்புடையது. கரிசல் களி கரை கட்டாது. கடலில் கலங்கி நின்று, கடற்புல்லுக்கு எட்ட வேண்டிய வெயிலை மறைக்கும். இவ்வாறு ஒரே ஆற்றில் நேரும் மாற்றம் பங்குனி ஆமையின் முட்டையிடுமிடத்தையும் பேராமையின் மேய்ச்சலையும் ஒருசேரத் தொடுகிறது. மணல் வரவு குறைந்த கரையைக் கடல் அரிக்கும்போது கருங்கல் கொட்டித் தடுப்பதும் தூண்டில் வளைவு கட்டுவதும் வழக்கமாகிவிட்டன. ஊரைக் காக்க அவை தேவைப்படலாம், ஆனால் கல் கொட்டிய கரையில் ஆமை ஏற முடியாது. தெற்கே தாது மணல் அள்ளுதல் கரையைச் சீர்குலைத்த கதையையும், அதற்கு 2013இல் மாநில அரசு தடைவிதித்ததையும் தூத்துக்குடி மாவட்டம் நன்கறியும்.

தீவுகளின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளின் மூலப்பொருளுக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப்பாறைகள் வெட்டப்பட்டதன் விளைவாக, அலையைத் தடுத்து நின்ற அரண் அகன்று, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு ஏறக்குறைய மறையும் நிலைக்கு வந்து, 2015க்குப் பிறகு செயற்கைப் பாறைகளை இறக்கிக் காக்கப்பட்டது. காரியாச்சல்லித் தீவும் அதே வழியில் சுருங்கிவருகிறது. வெட்டிய பாறை சுண்ணாம்பாகிச் சுவர்களில் பூசப்பட்ட காலத்தில், அச்சுவரின் வெண்மைக்கும் அழுங்காமையின் இரைக்கும் உள்ள தொடர்பை யாரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

கரிசல் நாட்டின் நேரடிப் பங்கு பிளாஸ்டிக்கில் தெரிகிறது. நெகிழிப் பை நீரில் மிதக்கையில் சொறிமீனைப் போலத் தோன்றுவதால் ஆமை அதனை விழுங்கி, குடலடைப்பால் இறக்கிறது. கைவிடப்பட்ட நைலான் வலைகளில் சிக்கியும் இறக்கிறது. இது எங்கும் அறிந்த செய்தி. கவனிக்கப்படாதது அக்கழிவு கடல் சேரும் காலம். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு குப்பையைச் சிறிது சிறிதாகக் கடலில் சேர்க்கும். கோவில்பட்டி வட்டாரத்து நீரை வாங்கும் வைப்பாறு, உப்பாற்று ஓடை முதலிய மழைக்கால வழிகளோ எட்டு ஒன்பது மாதக் குப்பையை வறண்ட படுகையில் சேர்த்துவைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே வீச்சில் கடலுக்கு அனுப்புகின்றன. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி தூத்துக்குடி மாவட்டமே வெள்ளக்காடானபோது, ஊர்களின் தெருவிலும் ஓடையிலும் கிடந்ததெல்லாம் கடலுக்குப் போயிற்று. அடுத்த சில வாரங்களில் தொடங்குவது ஆமைகள் கரை நோக்கி வரும் பருவம். குப்பையின் வருகையும் ஆமையின் வருகையும் இப்படி அடுத்தடுத்து நேர்வது இந்நிலத்தின் மழைமுறையால் விளைவது. வற்றாத ஆறுகளுள்ள நாடுகளின் ஆய்வுகளை மட்டும் படிப்பவர்க்கு இது தோன்றாது.

இவ்விடத்தில் கோவில்பட்டியின் தொழிலோடு தொடர்புள்ள ஒரு செய்தியும் சொல்லத்தக்கது. ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் லைட்டர்களின் வரவால் தீப்பெட்டித் தொழில் நலிகிறதென்று கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களின் உற்பத்தியாளர்கள் தொடர்ந்து முறையிட்டதன் பயனாக, 2023 ஜூன் மாதம் 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடைசெய்தது. அக்கோரிக்கை எழுந்தது பல இலட்சம் பேரின், அவர்களுள் பெரும்பாலோரான பெண்களின், பிழைப்பைக் காக்கத்தான். ஆயினும் பசிபிக் கடலின் மிட்வே தீவில் இறந்த கடற்பறவைக் குஞ்சுகளின் வயிற்றில் இத்தகைய லைட்டர்களே கிடைத்திருக்கின்றன. எரிந்து கரியாகும் குச்சிக்கும் நூறாண்டு அழியாத உறைக்கும் கடல் தரும் தீர்ப்பு வேறுவேறு; கரிசல் நாட்டின் கைத்தொழிலும் கடலின் நலமும் ஒரே பக்கம் நிற்கும் அரிய இடம் இது, இதனைத் தீப்பெட்டித் தொழிலினர் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

எண்ணாமல் நேரும் சாவைத் தண்டனையால் மட்டும் குறைக்க இயலாது. வேறு வழிகளுக்கு முன்மாதிரிகள் உள்ளன. வலையில் சிக்கிய ஆமை, திமிங்கலச் சுறா முதலியவற்றை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தரும் திட்டத்தை மகாராட்டிர அரசு 2018இல் கொண்டுவந்தது. தமிழகத்திலும், 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதியில், வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவித்த நாட்டுப்படகு மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி வழங்கியிருக்கிறது. திருக்கை வலையில் சிக்கிய பேராமைக்கும் அதே முறையை தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோர ஊர்களான வேம்பார், வைப்பார், தருவைகுளம் கரைகளில் விரிப்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. கடற்பசுவும் பேராமையும் மேய்வது ஒரே வகைக் கடற்புல்லைத்தான். இழுவை மடியில் ஆமை காக்கும் கம்பிச் சட்டத்தைப் பொருத்துவோருக்கு, நழுவும் மீனின் மதிப்பை முதல் சில பருவங்களுக்கேனும் அரசு ஈடுசெய்வது அடுத்த படி. உள்நாட்டில் செய்ய வேண்டியது இதனினும் எளிது: புரட்டாசி முடிவதற்குள், முதல் வெள்ளம் வருமுன், சாத்தூரிலும் விளாத்திகுளத்திலும் வைப்பாற்றுப் படுகையையும், கோவில்பட்டியின் ஓடைகளையும் நகராட்சிகளும் ஊராட்சிகளும் ஒரே காலத்தில் துப்புரவு செய்வது, அதற்கு ஆகும் செலவைக் கடலோர ஊர்களின் தலையில் கட்டாமல் ஆற்றின் முழு நீளத்துக்கும் பங்கிடுவது.